ஒன்றாம் தேதி

நாலு ஆணிக்கு மேல் அடிக்கக் கூடாதாம்,
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
முன்பு குடியிருந்தவன் விட்டுப்போன ஐந்தாவது
கணக்கில் வராது என்கிறாள் யாஸ்னா.
அதில்தான் கண்ணாடி.

வால்பரைசோ துறைமுகத்தில்
படகுக்குப் பூசியதுபோக மிச்சம் அரை டப்பா நீலம்.
அவள் தம்பி நேற்று ராத்திரி கொண்டுவந்தான்.
சுவர் முடிய ஒரு முழம் இருக்கையில்
டப்பா தீர்ந்தது.
அங்கே ஃப்ரிட்ஜை நகர்த்தினோம்.
திராட்சைப் பெட்டி மூன்றை அடுக்கினால் அலமாரி.
ஆஸ்பத்திரியில் கழித்த விரிப்பு ஜன்னலுக்கு,
முத்திரையை உள்ளே மடித்துத் தைத்தேன்.

கீழ்வீட்டு நிபால்டோ ஒரு பூத்தொட்டிதான் வைத்தார்.
"அழகாயிருக்கே" என்றாள் வீட்டுக்காரி.
மறுமாதம் பதினைந்தாயிரம் பெசோ கூடியது.

ஆகவே விடிந்ததும்
பெட்டிகளில் வெங்காயத்தைக் கொட்டினோம்.
கண்ணாடி கட்டிலுக்கடியில்.
திரை சுவர்மேல்.
குழாயைக் கொஞ்சம் சொட்டவிட்டோம்.

வந்தாள். நோட்டை எச்சில் தொட்டு எண்ணினாள்.
மூக்கை உறிஞ்சினாள்.
"படகு வாடை அடிக்குதே?"
"கடல் பக்கத்தில்தானே, சென்யோரா"
என்றாள் யாஸ்னா,
நழுவும் திரையை முதுகால் அழுத்திக்கொண்டு.

மலைப்படிகளில் செருப்புச் சத்தம்
முழுக்க இறங்கித் தேயும்வரை
அப்படியே நின்றாள்.
பிறகு திரும்பினாள்:
வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையில்
திரையைத் தாண்டி ஊறிய
ஒரு முழ நீலம்.