அறுபது பார்

ஜுபைலில் பதினாலு வருடம்
கடலிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆலையில்
என் வேலை ஒரு முள்ளைப் பார்ப்பது.
அறுபது பார்.
அதற்குக் கீழே இறங்கினால் சைரன் அலறும்,
பின்னாலேயே ஷிஃப்ட் இஞ்சினியர் அலறுவார்.
அந்த முள்ளின் தயவில் ஒரு நகரமே குளித்தது.

திக்கணங்கோட்டில்
பணம் அனுப்பிக் கட்டிய மாடிக் குளியலறையில்
ஷவரைத் திறந்தேன்.
மூக்கொழுகிற மாதிரி ஒழுகியது.
தலை நிறைய நுரை, கண்ணில் எரிச்சல்.
"விஜிலா!"
"அதிலெ வெள்ளம் வராது" என்றாள் கதவுக்கு அப்புறமிருந்து,
"வாளியிலெ பிடிச்சு வெச்சிருக்கேன்லா."
எப்போதிருந்து?
"பால்காய்ச்சுன அன்னைக்கே வரல்லெ."

பால்காய்ச்சி ஒன்பது வருடம்.
ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் கேட்டிருக்கிறேன்
ரப்பர் விலையை, மழையை,
மகளின் கணக்குப் பரீட்சை மார்க்கை.

மார்த்தாண்டத்தில் ஒரு பிரஷர் கேஜ் வாங்கிவந்து
ஷவரைக் கழற்றிவிட்டு மாட்டினேன்.
முள் லேசாகப் புரண்டு
மறுபடியும் படுத்துக்கொண்டது.
பக்கத்து வீட்டு அஜின் எட்டிப் பார்த்தான்.
"மாமா, இந்தக் கடிகாரம் ஓடல்லியா?"

தண்ணீருக்கு ஒரே கணக்குத்தான்,
எத்தனை உயரத்திலிருந்து இறங்குகிறோம் என்பது.
பத்து மீட்டருக்கு ஒரு பார்.
என் டாங்கிலிருந்து ஷவருக்கு நாலடி.
மொட்டைமாடித் தளத்தில் ரெண்டு வரி செங்கல் அடுக்கி
அதன்மேல் உட்காரவைத்துவிட்டான் காண்டிராக்டர்.
"பிரஷர் பம்பு வெச்சாத் தீந்துது சோலி"
என்றார் பிளம்பர் றசலையன்.
"கரண்டு போனா?" என்றாள் விஜிலா.
அவர் பீடியை அணைத்துவிட்டு
ஹாக்ஸாவை எடுத்தார்.

அறுத்த குழாயின் வாயில் கண்ணை வைத்தேன்.
ஒரு இஞ்சுக் குழாய். உள்ளே
செம்மண் கிணற்றின் துரு வளையம் வளையமாய்ப் படிந்து
பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம்.
"பழைய வீட்டுக் குழாயில்லா இது?
இதெ ஆரு மாட்டச் சொன்னது?"
விஜிலா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
திரும்பவில்லை.
நல்ல இரும்பு, எதுக்குக் களையணும்,
எடுத்து மாட்டச் சொல்லு என்று
ஜுபைலிலிருந்து சொன்னது என் குரல்.

இரண்டு நாள் வேலை.
ஆறடிக்கு இரும்பு ஸ்டாண்ட்,
ஒன்றேகால் இஞ்சில் புதுக்குழாய்,
ஏழு முழங்கைத் திருப்பம் இருந்த இடத்தில் மூன்று.
வால்வைத் திறந்ததும் குழாய் இருமியது,
காற்றைக் கக்கியது, சிவப்பாய்த் துப்பியது.
பிறகு வந்தது.
சட்டையோடு அடியில் நின்றுகொண்டு
அவளைக் கூப்பிட்டேன்.

வந்தாள். உள்ளங்கையை நீட்டினாள்.
"அடிக்குது" என்றாள்.
அவ்வளவுதான். கீழே போய்விட்டாள்.
ஜன்னல் வழியே பார்த்தேன்,
கிணற்றின் கைப்பிடிச் சுவரில் குனிந்து நின்றாள்.
"எட்டாம் உறை தெரியுது. இப்பம் தைதான்.
மாசியிலெ பத்தாம் உறை தெரியும்.
அதுக்குக் கீழெ பாறெ."
மொட்டைமாடிக்கு ஏறி
புது வால்வைப் பாதிக்குத் திருகி வைத்தாள்.

ஜுபைலில் மதிலுக்கு வெளியே கடல்.
எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று
பதினாலு வருடத்தில் ஒருவனும் எட்டிப் பார்த்ததில்லை.
அன்று ராத்திரி டார்ச்சோடு போய்
உறைகளை எண்ணினேன்.
எட்டு. ஒன்பதாவதின் விளிம்பு ஈரமாயிருந்தது.

விடியற்காலை.
மாடியில் ஷவர் சத்தம்.
பாதி திறந்த வால்வின் சத்தம், சன்னமாய்.
படுத்தபடியே எண்ணத் தொடங்கினேன், பழக்க தோஷம்.
இருநூற்றுப் பத்தில் நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
மொட்டைமாடிப் படியில் ஈரக்கால் சத்தம்,
ஏறி, இறங்கி.
பிறகு மறுபடி திறந்தது,
இந்தமுறை முழுசாய்.
நான் எண்ணவில்லை.