கேட் போட்ட நேரம்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால்
பதினொரு நிமிடம்.
சரக்கு ரயில் என்றால் இருபது.
எதிர்த் தடத்தில் இன்னொன்றும் வந்தால்
ஓர் அத்தியாயம்.

நானும் கவுஸ் பாஷாவும்
இப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறோம்.
அவன் வண்டியில் தண்ணீர் கேன்கள்.
என் ஸ்கூட்டியில், ஐஸ் பெட்டிக்குள்,
காலையில் எடுத்த ரத்தம்.
அதுவும் காத்திருக்கும், கொஞ்ச நேரம்.

எண்ணூறு பக்கம், முதல் பாகம்தான் இது
என்று நான் நீட்டியபோது
செங்கல் வாங்குவதுபோல்
இரண்டு கையாலும் வாங்கினான்.
திறந்ததும் வரைபடம்:
நிழல்கள் ஆளும் ஒன்பது நாடு,
மலைக்கு மேல் ஒரு கோட்டை.

எட்டாம் நாள், அதே கேட்டில்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே தீர்ப்பு:
"சோக்காத்தான் கீது யக்கா.
ஆனா ஒம்போது நாட்லயும்
ஒர்த்தனும் தண்ணி புடிக்கலியே.
அம்மாம் ஒசரத்துல கோட்டை.
மேல ஏத்தறது யாரு?"

கேன் தூக்கும் தோளின் கேள்வி.
பறக்கும் பாம்பைப் பற்றி
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அதை நம்பிவிட்டான்.

பதிலுக்கு அவன் கொடுத்தது மெலிசு.
அட்டையில் ஒரு நாற்காலி, ஆள் இல்லை.
"ரெண்டு தபா படி.
ஒண்ணும் நடக்காது. அதான் மேட்டரே."

நடக்கவில்லை.
ஒருவர் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்.
மழை பெய்கிறது. மறுபடி காத்திருக்கிறார்.
மனைவி நாற்பது பக்கம் இருமுகிறாள்.
ஒரு சளிப் பரிசோதனை கூடவாடா எடுக்கமாட்டார் உன் எழுத்தாளர் என்று
நான் போட்ட சத்தத்தில்
மீன்பாடி வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் மறுநாள்,
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
கையை நீட்டிக்கொண்டு ஒருவர்
ஊசியைப் பார்க்காமல்
கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
யாரோ வரவேண்டும் போல.
எனக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்து
நரம்பைத் தேட நேரமாகிவிட்டது.

கவுஸிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் ஜெயித்துவிடுவான்.

எபினேசருக்கு வரிசையில் மூன்றாம் இடம்.
நான் முடித்து, கவுஸ் முடித்து, அப்புறம் அவர்.
ஷேர் ஆட்டோ ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்து
கேட் போட்டிருக்கும்போது மட்டும் படிப்பார்.
"கதைய பேசுங்க, திட்டுங்க, இன்னா வேணா பண்ணுங்க.
முடிவ சொன்னீங்க,
ரெண்டு பேர் மேலயும் கேஸு."

மூன்றாம் பாகம் எங்கும் கிடைக்காமல் இருந்தது.
கவுஸ்தான் மூர் மார்க்கெட்டில் பிடித்தான்,
அட்டை இல்லாமல், நூற்றிருபது ரூபாய்க்கு.
வரிசையை மறந்து
நான்கே ராத்திரியில் முடித்தும்விட்டான்.

"நெழல்ராணி கட்சீல இன்னா பண்றா தெர்யுமா யக்கா?"
வேண்டாம் என்று நான் கத்த,
எபினேசர் ஹாரனை அழுத்திப் பிடிக்க,
மணலி டேங்கர் ரயில்
அவன் வார்த்தைமேல் ஏறிப் போனது.
உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.
சின்ன வாக்கியம்தான்.
முதல் எழுத்தில் உதடு குவிந்தது.

அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம்
அந்தக் குவிந்த உதட்டைத் தேடித்தான்.
பாம்பு செத்தது. கோட்டை விழவில்லை.
ராணி படியிறங்கினாள்.
எதுவும் பொருந்தவில்லை.

கேட்டேன்.
"அதுவா? கொடத்த எட்த்துனு
கீழ எறங்கறான்னு சொன்னேன்."

குடமா? எந்தப் பக்கத்தில்?

"இல்லியா?"
கேன்களின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.
"இருக்குமே யக்கா. நல்லா பாரு."
கேட் திறந்துவிட்டது.

ராத்திரி கடைசிப் பக்கத்தை விரலோட்டிப் படித்தேன்.
படிகள் எண்ணூறு என்று இருக்கிறது.
காற்று இருக்கிறது, அவள் கால் கொலுசு இருக்கிறது.
கையில் என்ன வைத்திருந்தாள் என்று
எழுதவே இல்லை.

காலையில் புத்தகத்தை
எபினேசர் மடியில் வைத்தேன்.
"முடிவு எப்டி?" என்றவர்
சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்.

படிங்க என்றேன்.
கையைப் பார்த்துப் படிங்க.