ஐஸ் கணக்கு

குள்ளஞ்சாவடி தாண்டி ஒரு புளியமரம்.
குட்டியானையின் மூக்கு மரத்துக்குள்,
ஓட்டியவனின் முழங்கால் டாஷ்போர்டுக்குள்.
தொடையெலும்பு பின்னால் தள்ளிக்கொண்டு போய்
தன் கிண்ணத்துக்கு வெளியே உட்கார்ந்துகொண்டது.
நேரம் நாலு நாற்பது
என்று எழுதியிருந்தார் நூற்றெட்டுக்காரர்.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
மாவுக்கட்டு அறை எனக்கு. பத்தொன்பது வருஷம்.
படம் எடுக்கும் முன்பே பாதம் சொல்லிவிடும்.
இடுப்பு முறிந்தால் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும்
கேட்பாரற்ற செருப்பு மாதிரி.
இவனுடையது உள்ளே திரும்பியிருந்தது.
கால் இரண்டு விரற்கடை குட்டை.
வலது முழங்கால் இடதின்மேல் சாய்ந்து
ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தது.

"கட்டைவிரலைத் தூக்கு, தேசிங்கு."
தூக்கினான். நரம்பு பிழைத்திருக்கிறது.
தூக்கியபடியே கேட்டான்:
"ஐஸ் எவ்ளோ நேரம்ணே தாங்கும்?"

பன்னிரண்டு பெட்டி.
சங்கரா, வவ்வால், கொஞ்சம் வஞ்சிரம்.
முதுநகரில் இருட்டோடு ஏலம் எடுத்தது,
விருத்தாசலம் போகவேண்டியது,
மரத்தடியில் நிற்கிறது.
கிழக்கே வெளுத்தாயிற்று.

டாக்டர் ஷமீலா பரங்கிப்பேட்டைக்காரர்,
என் தோளுயரம்.
படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
"ஆறு மணி நேரம், லூர்து. அதுக்குள்ள உள்ள போடணும்.
பந்துக்குப் போற ரத்தம் முறுக்கிக்கிட்டு நிக்குது.
விட்டா, எலும்பு இருக்கிற இடத்துலயே செத்துடும்."
இவருக்கும் ஐஸ் கணக்குதான்.

மயக்க டாக்டர் அரியாங்குப்பம் பாலத்தில்,
முன்னால் ஒரு கல்யாண பஸ்.
ஜிப்மருக்கு எழுதிடலாமா என்றாள் நர்ஸ்.
எழுதினால் இவனும் அதே பாலத்தைத்தான் தாண்டணும்.
ஷமீலா கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

எட்டு ஐம்பதுக்கு ஊசி.
ஒன்பதரைக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு
மேஜைமேல் ஏறி நின்றார்.
நான் இரண்டு உள்ளங்கையாலும் அவன் இடுப்பை அமுக்க,
மடக்கிய முழங்காலுக்கு அடியில் கையைக் கோத்து
கிணற்றிலிருந்து தூக்குவதுபோல் கூரைப்பக்கம் இழுத்தார்.
வரவில்லை.
அவர் நெற்றி வியர்வை என் கைமேல் சொட்டியது.
"இன்னும் கொஞ்சம் மருந்து. லூர்து, விட்டுடாதீங்க."
மறுபடி இழுத்தார். இழுத்தபடி லேசாக ஆட்டினார்,
பூட்டில் சிக்கிய சாவியை ஆட்டுகிற மாதிரி.

தாழ்ப்பாள் குழியில் விழுகிற சத்தம்.
காதில் இல்லை, என் உள்ளங்கையில் கேட்டது.
கால் நீண்டது.
ரகசியம் பேசிய முழங்கால் விலகிக்கொண்டது.
யாரும் எதுவும் பேசவில்லை.
நர்ஸ் நேரத்தைக் குறித்தாள்.

பதினொன்றுக்கு வந்தாள் வேம்பு, அவன் மனைவி.
இவ்வளவு நேரம் எங்கேம்மா போனே
என்று வாய்வரை வந்தது.
முழங்கைவரை செதில் மின்னியது.
புளியமரத்தடியிலேயே, நொறுங்கிய கண்ணாடிக்குப் பக்கத்தில்
தராசு பிடித்திருக்கிறாள்.
ஒன்பது பெட்டி தீர்ந்துவிட்டதாம்.
மூன்றில் ஐஸ் இல்லை, கருவாட்டுக்குப் போட்டாளாம்.
ஈர நோட்டுகளை எண்ணி அவன் தலைமாட்டில் வைத்தாள்,
அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

"நடப்பாரா?"
"நடப்பார்" என்றார் ஷமீலா.
"பந்து பிழைச்சதான்னு இப்ப சொல்ல முடியாது.
ரெண்டு வருஷம் படம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."
ரெண்டு வருஷம் என்று வேம்பு விரலை மடக்கினாள்,
வண்டித் தவணையும் அவ்வளவுதான் பாக்கி.

சாயங்காலம் கால் இழுவைக்குக் கயிறு கட்டினேன்.
கப்பியில் ஓடி, கட்டில் தாண்டி,
மணல்பை தொங்கியது.
தேசிங்கு தலையைத் தூக்கிப் பார்த்தான்.
"எத்தினி கிலோண்ணே?"
"நாலு."
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்,
ஏலக்காரன் கூடையைப் பார்க்கிற கண்ணால்.
"மூணரைதான் இருக்கும்" என்றான்.

தராசில் வைத்துப் பார்த்தேன்.
மூணரை.