இட்டு

தக்கலை கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில்
பக்கத்துக்கு இருநூறு ரூபாய்க்கு
ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறேன்.
பத்திரம், உயில், குவைத்திலிருந்து தபாலில் வரும் விவாகரத்து.
எந்தச் சொல்லும் என்னை வெகுநேரம்
உட்கார வைத்ததில்லை,
இட் ஒன்றைத் தவிர.

ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து.
ஆளில்லாத இடம் பார்த்துப் போய் உட்காரும்.
இட் இஸ் ரெயினிங்.
எது பெய்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது.
நமக்கு மழைதான் பெய்யும்,
மணிதான் ஐந்தாகும்.
அவர்களுக்கு ஐந்தாவதும் இட், குளிர்வதும் இட்,
கதவைத் தட்டி நிற்பவன்கூட இட்ஸ் மீ.
கல்யாண மண்டபத்தில் துண்டு போட்டு வைத்த நாற்காலி:
துண்டு இருக்கிறது,
சாப்பாட்டுப் பந்தி முடிந்தும் ஆள் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மெற்றில்டா வந்தாள்,
இரவிபுத்தன்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி.
நனையாத கவரில் மூன்று கடிதம்.

முதல் கடிதம் படகை 'அவள்' என்றது.
அவள் கடைசியாகத் தென்பட்ட இடம், நாள், நேரம்.
"யாரு அவ?"
படகுதான், கப்பல்காரர்கள் பழைய வழக்கம், என்றேன்.
"வள்ளத்துக்கு அவ. செரி.
உள்ள இருந்தவியளுக்கு?"

இரண்டாம் கடிதத்தில்
உள்ளே இருந்த பதினொரு பேரும் சேர்ந்து ஒரு குழு.
குழு என்பதால் இட்.

மூன்றாவது நாலே வரி.
இட் ஹேஸ் பீன் டிசைடட்,
தேடலை நிறுத்த.
"யாரு முடிவு செஞ்சா?"
கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் ஒளிந்திருப்பது போல.
"அப்படிப் பேர் ஒண்ணும் போடலம்மா."

அது முடிவு செய்தது என்று எழுத முடியாது.
நம்மிடம் அதற்கு வேறு நாற்காலி இருக்கிறது:
முடிவு செய்யப்பட்டுள்ளது.
தட்டச்சு செய்து உரக்க வாசித்தேன்.
அதற்குப் பிறகு
ஆங்கிலத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பட்டுண்ணா?" என்றாள். "பட்டது யாரு?
எங்க கரையில பாடுண்ணா மீனு.
வள்ளம் அடுத்தா, பாடு உண்டாண்ணு கேப்போம்.
அடுக்கலேண்ணா அதும் பாடுதான்.
படுதது நாங்க. செய்தது யாருண்ணு எழுதும்."

கீழே ஜெராக்ஸின் பச்சை வெளிச்சம்
போய்ப்போய் வந்தது.
அவள் போன் அடித்தது. அண்டை வீட்டுப் பெண்.
"பால் குடிச்சாச்சா... அது ஒறங்குதா?"
நாலு மாதம், ஆண்.
நம்முடைய அது அப்படியொன்றும் கெட்டதில்லை,
சில நேரம் தொட்டிலிலும் கிடக்கும்.

பதில் எழுதணும் என்றாள். ஆங்கிலத்திலேயே.
"அவிய போயிட்டு வாறேண்ணு சொல்லிட்டுத்தான் போனாவ.
அத அப்படியே எழுதும்."

அப்படியே எழுத எங்கே முடிகிறது.
நம் நாக்கு டகர ஒற்றில் நிற்காது, ஓர் உகரம் கேட்கும்,
இட் அங்கே இட்டு ஆகும்.
போயிட்டு.
இலக்கணக்காரர் அதை 'விட்டு' என்பார், இருக்கட்டும்.
என் காதில் அன்று அதுதான் விழுந்தது:
போவதற்கும் வருவதற்கும் இடையில்
மாட்டிக்கொண்டிருக்கிற ஒன்று.
அதற்கு ஆங்கிலம் இல்லை.

விரல் பழக்கத்தில் இட் இஸ் ரிக்வெஸ்டட் என்று தொடங்கிவிட்டது.
அழித்தேன்.
ஹி என்று தொடங்கினேன். அவர் சொன்னார், அவர் வருவார் என்று.
ஒரே வரி. தாளை அவளிடம் திருப்பினேன்.

"இதுல எது அவிய?"

முதல் சொல்லைக் காட்டினேன்.
விரலை அதன்மேல் வைத்தாள். சொல் முழுதும் மறைந்தது.
எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்து,
"இம்பிடுதானா?" என்றாள்.