முகட்டில் ஒரு முத்திரை

ஹப்புத்தளைச் சரிவில் அந்த வீடு
பாறையை உடைக்காமல்
அதற்கு வளைந்து கொடுத்திருக்கிறது.
வரவேற்பறைக்குள் பாதிப் பாறை.
மழை நாளில் வியர்க்கும்;
மிஸிஸ் எல்லேபொல துவாயால் ஒற்றுவார்.

படிவத்தில் எழுதினேன்:
தூண்கள் ஆறு. சுவரில்லாத மூலை.
கண்ணாடி வழியே பள்ளத்தாக்கு முழுவதும் வீட்டுக்குள்.
மரபுரிமை மதிப்பு:
அங்கே பேனா நின்றது.

தரையில் மல்லாந்தேன், அளவுநாடா நெஞ்சின்மேல்.
கொங்கிறீட் முகட்டில் மர ரேகைகள்.
வார்ப்புக்கு அடித்தவை பலகைகள் அல்ல,
தேயிலைப் பெட்டிகள்.
முத்திரை இடம்வலம் மாறிப் பதிந்திருக்கிறது,
யாரும் செதுக்கி எடுக்கவில்லை.

கைக்கண்ணாடி பிடித்து வாசித்தேன்.
நான் பிறந்த தோட்டத்தின் பெயர்.
பெட்டி இலக்கம். நிகர எடை.

"என்ன, வெடிப்பா?" என்றார் மிஸிஸ்.
"இல்லை."

மதிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
நூறு இறாத்தல்,
பெட்டி நீங்கலாக.