பச்சைப் பூ முத்திரை

மண்டபத்தில் ரயில்வே கேட்டுக்கு இப்பால்
எங்கள் கருவாட்டு ஷெட்.
என் வேலை சீட்டு ஒட்டுவது.
எடை, தேதி, விலை.

மாசியில் புதுச் சீட்டு வந்தது.
உடைந்த வட்டத்துக்குள் ஒரு பச்சைப் பூ,
கீழே: கதிர்வீச்சால் பதப்படுத்தியது.
அழகாக இருந்தது.
அதனால்தான் முதலில் பயந்தேன்.

நெத்திலியும் சென்னாக்குன்னியும்
லாரி ஏறிப் போய் நாலாம் நாள் திரும்பின.
மோந்து பார்த்தேன். அதே வீச்சம், அதே உப்பு.
யாருக்கும் சொல்லாமல்
ஒரு பொட்டலத்தை இருட்டில் வைத்துப் பார்த்தேன்.
மின்னவில்லை.
மின்னுவதென்றால் கடல்தான் மின்னும் சில ராத்திரி;
அதில் பிடித்ததைத்தான் காலமெல்லாம் தின்கிறோம்.

இன்னாசியம்மா அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்:
"கூடங்குளத்துச் சாமானை மீனுக்குள்ள விட்டுட்டு
பூப்போட்டு மறைக்கிறானுவ."
லாரிக்கார சிக்கந்தர்:
"பெட்டி உள்ள போகுது, வெளிய வருது.
கதிர் பட்டுட்டுப் போயிடும், தங்காது.
ஏர்போர்ட்ல நம்ம பைய உள்ள விட்டுப் பாக்குறாங்கல்ல?"
"நீ பையத் திம்பியா?"
அவனிடம் பதில் இல்லை. என்னிடமும்.

மதுரைக் கடைக்காரர் போனில் குழைந்தார்:
"சரக்கு இருக்கட்டும் தாயி,
பூவை மட்டும் உரிச்சுட்டு அனுப்ப முடியுமா?"
முடியாது என்றேன்.
வைத்த பிறகு தோன்றியது:
முன்பெல்லாம் ஈ மொய்க்காமலிருக்க
ஒரு வெள்ளைப் பொடி தூவுவோமே,
அதை எந்தச் சீட்டிலும் நான் எழுதியதில்லை.
அதற்கு வட்டம் இல்லை, பூ இல்லை.
யாரும் உரிக்கச் சொன்னதும் இல்லை.

என் வீட்டுக்காரர் அருளப்பனுக்குத் தொண்டையில் கட்டி.
மதுரையில் முப்பத்து மூன்று நாள் கரண்ட் வைத்தார்கள்.
அங்கேயும் கோபால்ட்தான் என்றாள் நர்ஸ்.
ஊர் திரும்பியதும் கொழுந்தன் பெண்டாட்டி
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.
அவர் குடித்த டம்ளர்
தனியாகக் கவிழ்ந்து கிடந்தது.
இவர் உடம்பில் ஒன்றும் தங்கவில்லை என்று
நெற்றியில் ஒட்ட
என்னிடம் சீட்டு இல்லை.

நாலு வருஷம் இருந்தார்.
மீன் ருசி மட்டும் அவர் நாக்குக்குத் திரும்பவே இல்லை.
இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.
ஆளுக்கு வைத்தது வேறு, கருவாட்டுக்கு வைப்பது வேறு
என்கிறான் சிக்கந்தர்.
தெரியும்.
தெரிந்தும் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

வெயிலும் கதிர்தானே.
அதில் காயப்போட்டபோது ஒருவரும் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள்
ஐஸ் உருகி வயிறு வெடித்த சூடை, பதினோரு கூடை.
தள்ளிவிடலாம் என்றேன்.
மேஸ்திரி சிரித்தார்:
"காயப்போடு. எப்படியும் கதிர் அடிக்கத்தானே போறான்."
அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது.
புழுவைக் கொல்லுமாம், முட்டையைக் கொல்லுமாம்,
கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கொல்லுமாம்.
அந்தச் சிரிப்பைக் கொல்ல எத்தனை அளவு வேண்டுமென்று
முதலாளி கொடுத்த தாளில் போடவில்லை.

பதினோரு கூடைக்கும் நான் சீட்டு ஒட்டவில்லை.
அரை நாள் கூலி போயிற்று.
கூடைகள் எங்கே போயின, தெரியாது.

பூப்போட்ட பொட்டலம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன்.
பொய் சொல்வானேன்,
முதல் துண்டு ஷெட்டுப் பூனைக்குத்தான்.
இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
மூன்றாம் நாள் சுடவைத்துத் தின்றேன்.
உப்புக் கூடுதல்.

நேற்று அந்தப் பூனை ஐஸ் பெட்டிக்குப் பின்னால்
குட்டி போட்டிருக்கிறது.
மூன்று.
இன்னாசியம்மா குனிந்து
ஒவ்வொன்றாகத் தூக்கி
கால்களை எண்ணுகிறாள்,
மறுபடி முதலிலிருந்து.