சலுகை நாள்

நாற்பத்தோரு வருடம் இறைச்சி வெட்டிய கத்தி
இன்று காலை டர்னிப்பைப் பிளந்தபோதும்
அதே சத்தம்தான் போட்டது,
தொடை எலும்பு மூட்டிலிருந்து விலகும் சத்தம்.
கத்திக்கு எதுவும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

புனித பாட்ரிக் நாள். பாய்ல் ஊர் முழுக்க மழை.
ஊர்வலத்தில் வழக்கம்போல மூன்று டிராக்டர்,
ஒரு தீயணைப்பு வண்டி,
பச்சை டோப்பா மாட்டி நடுங்கும் பிள்ளைகள்.
"போய்ப் பார்த்துவிட்டு வாயேன், கான்லெத்,
அடுப்பு எங்கே ஓடிவிடப் போகிறது?"
என்கிறாள் அட்ராக்டா.
அடுப்பு ஓடாது. பார்லி அடிபிடிக்கும்.

கறுப்பு பீரில் காளான் கிடந்து கொதிக்கிறது.
சோடா ரொட்டியின் தலையில் சிலுவை கீறியாயிற்று.
வெங்காயத்தாள் பாலில் வேகும் வாசனை
ஹாலில் இருக்கும் கோட்டுகள் வரை போகிறது.

விட்டது நவம்பரில்.
ஏன் என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன்.
டாக்டரிடம், கொழுப்பு.
பப்பில், பல்வலி.
சாம்பல் புதன் வந்ததும் அப்பாடா என்றிருந்தது:
தவக்காலம் என்றேன், ஊருக்கெல்லாம் ஒரே பதில்.
ஃபாதர் மலாக்கி என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.
தகுதியில்லை. வாங்கிக்கொண்டேன்.

முட்டைக்கோஸைத் தனியாக வேகவைத்து
ஒரு வாய் எடுத்துப் போட்டவன்
கரண்டியோடு அப்படியே நின்றேன்.
யார் இது?
இத்தனை காலம் முட்டைக்கோஸின் ருசி என்று நான் நம்பியது
அதே பானையில் வெந்த பன்றியின் உப்பு.
அறுபத்தேழு வயதில்
நாங்கள் முதன்முதலாக அறிமுகமாகிறோம்.
கொஞ்சம் இனிப்பு. கொஞ்சம் கோபம்.
பரவாயில்லை, பழகலாம்.

புகை வாசனைக்கு என்ன செய்வது?
ஸ்லைகோ கடற்கரையில் காய்ந்த சிவப்புப் பாசியை
விரலால் நொறுக்கிப் போட்டேன்.
உருளைக்கிழங்கை மசித்து, கேல் கீரையைக் கலந்து,
நடுவில் கரண்டியால் குளம் வெட்டி
வெண்ணெய் விட்டேன்.
குளம் மஞ்சளாக நிறையும்வரை
வேறெதையும் பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு ஜார்லத் வந்தான், நனைந்த கோட்டுக்குள் ஒரு பொட்டலம்.
காகிதத்தில் இன்னமும்
'பெய்ர்ன் சகோதரர்கள், இறைச்சி' என்றே அச்சடித்திருந்தது.
கடையில் இப்போது ஒரு சகோதரன்தான்.
"இன்றைக்கு விலக்கு உண்டு, தெரியுமில்லை?
பிஷப்பே சாப்பிடுவார். எடு வாணலியை."

சட்டைப்பையில் வைத்திருந்த கடைசிப் பதில்
அத்தோடு காலாவதியாகிவிட்டது.

"நோன்பு இல்லை, ஜார்லத்."
"பின்னே?"
"எனக்கு வேண்டாம்."
"என்றைக்கு வரை?"
அதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.
அவன் அட்ராக்டாவைப் பார்த்தான்.
அவள் தட்டுகளைச் சத்தமாக வைத்தாள்,
இதெல்லாம் நவம்பரிலேயே தெரியும் என்பதுபோல.

கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.
குளத்தின் கரையை உடைத்து வெண்ணெயைத் தன் பக்கம் ஓடவிட்டான்.
சின்ன வயதிலும் அப்படித்தான்.
"இந்த உப்பு எங்கே வாங்கியது?"
"கடல்."
"ம்" என்றான்.
"ஏதோ குறைகிறது" என்றான்.
அதைச் சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை பரிமாறிக்கொண்டான்.
கடைசியில்தான் கோட்டைக் கழற்றினான்,
பெல்ட்டைத் தளர்த்துவதற்காக.

பொட்டலத்தை மறந்துவிட்டுப் போனானா
விட்டுவிட்டுப் போனானா, தெரியாது.

ராத்திரி எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு
சன்னலோரம் நின்று நூலை அவிழ்த்தேன்.
முகர்ந்தேன்.
பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.
திரும்பக் கட்டி
நாளைக்குக் கடையில் கொடுக்கவேண்டுமென்று
குளிர்பெட்டியில் வைத்தேன்,
மீந்த முட்டைக்கோஸுக்குப் பக்கத்தில்.
பிறகு யோசித்து,
வேறு தட்டில் மாற்றி வைத்தேன்.